ஷாக் அப்சார்பர் ஒழுகினால் ‘சீல்’ மேல் மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

போன இதழில் பழைய கார்களின் லிவர் வகை ஷாக் அப்சார்பரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: ஒழுகுது, என்ன செய்யலாம்? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன். கியர்பாக்ஸ் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்து 1930 ஃபோர்டு மாடல் ஏ இருக்கிறது. பதினைந்து வருடம் கொட்டகையில் நின்ற வண்டியை இப்போதுதான் ஓட வைத்திருக்கிறோம். நான்கு ஷாக் அப்சார்பரும் காலியாக இருந்தன. மெக்கானிக் இன்ஜின் ஆயில் ஊற்றினார், இரண்டே நாளில் பின்பக்கத்து இரண்டும் தரையில் கொட்டிவிட்டன. என்ன எண்ணெய் ஊற்ற வேண்டும்?
— வாசகர், காரைக்குடி

பதில்: எண்ணெயே ஊற்றக் கூடாது. அந்தக் காருக்கு ஃபோர்டு கொடுத்தது ஹூடாய் வகை ஷாக் அப்சார்பர். மோரிஸ் ஹூடாய் என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்தது, அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் செய்தார்கள். அதற்குள் இருக்க வேண்டியது கிளிசரின். 1927 டிசம்பரில் மாடல் ஏ வந்தபோது, விலை குறைந்த ஒரு காரில் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர் போட்டுக் கொடுத்தது பெரிய சங்கதி. வட்டமான இரும்புக் கூடு, உள்ளே ஒரு ஷாஃப்ட் (தண்டு), அதில் இரண்டு இறக்கை. சக்கரம் மேலே கீழே போகும்போது லிவர் அந்த ஷாஃப்ட்டை இப்படியும் அப்படியும் திருப்பும், இறக்கைகள் கிளிசரினைச் சின்னத் துவாரம் வழியாகத் தள்ளும். தள்ளுவதற்கு ஆகும் சிரமம்தான் வண்டி ஆடாமல் இருப்பதற்குக் காரணம்.

ஏன் கிளிசரின் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தை அடைக்க, அதாவது சீல் போட, கையில் இருந்தவை தோல், தக்கை, ஃபெல்ட், இயற்கை ரப்பர், இவ்வளவுதான். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போய்க் கொழகொழவென்று ஆகிவிடும், கிளிசரின் அதை ஒன்றும் செய்யாது. போதாததற்கு நல்ல கெட்டி திரவம்: 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீரைப் போல ஆயிரத்து நானூறு மடங்கு கெட்டி. கெட்டியான திரவம் சந்து வழியாகச் சீக்கிரம் வெளியேறாது.

ஆனால் அதற்கு இரண்டு பலவீனம் உண்டு. சூடு ஏற ஏற இளகிவிடும். 20 டிகிரியில் இருந்த கெட்டி 40 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் தார் ரோட்டின் மேல் நிற்கும் காருக்கு 40 டிகிரி எல்லாம் சாதாரணம். இரண்டாவது, அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். பத்து சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே கெட்டித்தன்மை ஆறில் ஒரு பங்காகச் சரிந்துவிடும், உள்ளே துருவும் பிடிக்கும். (குளிர் நாடுகளில் உறைபனிக் காலத்துக்காக ஆல்கஹால் கலந்து ஊற்றினார்கள். நமக்கு அது தேவையே இல்லை.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பல பேர் ஏமாறுகிற இடம் இது. கிளிசரின் தண்ணீரில் கரையும். எண்ணெய் ஒழுகினால் புழுதி ஒட்டிக் கறுப்பாகப் பிசுக்கு கட்டும், கண்ணுக்குத் தெரியும். கிளிசரின் ஒழுகினால் ஒரு மழையிலோ ஒரு வாட்டர் வாஷிலோ சுத்தமாகக் கழுவிக்கொண்டு போய்விடும். ஷாக் அப்சார்பர் பளிச்சென்று இருக்கிறதே என்று நினைப்போம், உள்ளே ஒரு சொட்டு இருக்காது. உங்கள் வண்டியில் நான்கும் காலியாக இருந்ததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஊற்றிய இன்ஜின் ஆயிலை முழுவதும் வடித்துவிடுங்கள், லிவரை மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அசைத்து அசைத்து வடிய விடுங்கள், ஏனென்றால் எண்ணெயும் கிளிசரினும் ஒன்றோடொன்று சேராது, இரண்டும் உள்ளே இருந்தால் ஒரு அசைவுக்கு இறுக்கமாகவும் அடுத்த அசைவுக்கு லூஸாகவும் இருக்கும். அப்புறம் தண்ணீர் கலக்காத சுத்தமான கிளிசரினாகப் பார்த்து வாங்குங்கள். மருந்துக் கடையில் பன்னீர் கலந்து முகத்துக்குப் பூச விற்பதை வாங்கிவிடாதீர்கள். ஊற்றி இரண்டு நாள் அப்படியே நிற்க விடுங்கள். பதினைந்து வருடம் காய்ந்து கிடந்த தோலும் தக்கையும் சுருங்கி விறைத்துப்போய் இருக்கும், ஈரம் பட்டுக் கொஞ்சம் ஊறினால் சில நேரம் தானாகவே அடைத்துக்கொள்ளும். அதன் பிறகும் ஒழுகினால் பிரித்துத்தான் ஆக வேண்டும். அந்த அடைப்பை நைட்ரைல் ரப்பரில் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) மாற்றிக்கொள்ளுங்கள், அது கிளிசரினையும் தாங்கும், எண்ணெயையும் தாங்கும். பிரிக்கும்போது ஷாஃப்ட் மினுமினுப்பாக இருக்கிறதா, புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நகத்தால் வருடும்போது தட்டுப்படுகிற அளவுக்குக் குழி இருந்தால் எந்த சீலும் அதன் மேல் நிற்காது.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கட அப்பா 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் வைத்திருக்கிறார். முன்பக்கச் சொக் அப்சோபருக்கு இரண்டு வருசத்தில் மூன்று தரம் சீல் மாற்றியாயிற்று. மாற்றி ஆறு மாதத்தில் திரும்பவும் ஒழுகுது. கராஜில் ஒவ்வொரு முறையும் சீல் சரியில்லை எண்டுதான் சொல்லுகினம். உண்மையில் என்ன பிழை?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் ஆரம்ப காலம்தான் ஞாபகம் வந்தது. ஒரு பழைய காருக்கு நானும் இப்படி மூன்று முறை சீல் மாற்றினேன். மூன்றாவது முறை ஷாஃப்ட்டைக் கையில் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தபோதுதான் லேசாக ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டது. அன்றைக்கு விளங்கியது, ஒழுகுகிற இடம் சீலாக இருந்தாலும் ஒழுக வைக்கிற இடம் வேறு என்று.

உங்கள் காரில் இருப்பது ஆர்ம்ஸ்ட்ராங் லிவர் வகை. உள்ளே பிஸ்டன்கள், வெளியே ஒரு லிவர், இரண்டையும் இணைக்கும் ஒரு குறுக்கு ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட் ஒருபோதும் முழுச் சுற்று சுற்றாது. கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம், லட்சக்கணக்கான தடவை. சுழலும் ஷாஃப்ட் தன்னைச் சுற்றி எண்ணெய்ப் படலத்தை இழுத்துக்கொண்டே போகும். ஆடும் ஷாஃப்ட்டுக்கு அந்த வசதி இல்லை. பளு வேறு எப்போதும் ஒரே பக்கமாக விழும். அதனால் ஷாஃப்ட் உட்காரும் துளை வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவில் தேயும். புது சீல் போட்டாலும் ஷாஃப்ட் பக்கவாட்டில் துள்ளும்போது சீலின் உதடு கூடவே ஓடிப்போய் ஒட்ட முடியாது. ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் மயிரிழை இடைவெளி விடும். ஆறு மாதம் தாங்கியதே அந்த சீலின் நல்ல குணம் என்றுதான் சொல்லுவேன்.

மைனரில் இது வெறும் ஒழுகல் பிரச்சினையும் இல்லை. முன்பக்கம் அந்த ஷாக் அப்சார்பரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கை. அதாவது சக்கரத்தை நிமிர்த்திப் பிடித்திருப்பதே அதுதான். அங்கே ஷாஃப்ட் ஆடினால் சக்கரமும் ஆடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டியரிங் பிடிமானம் குறையும். அப்பா தினமும் ஓட்டுகிறவர் என்றால் இதைத் தள்ளிப் போடவே போடாதீர்கள்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று உறுதி செய்யுங்கள். மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து ஷாக் அப்சார்பரை முழுக்கக் கழுவி, துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். காய்ந்ததும் சாக்பீஸைப் பொடித்து மேலே எல்லாப் பக்கமும் தூவுங்கள். அப்புறம் குண்டும் குழியுமான ஒரு ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியில் ஈரம் எங்கே முதலில் பரவியிருக்கிறதோ அதுதான் ஒழுகும் இடம். மேலே மூடி இருக்கும் இடத்தில் ஈரம் என்றால் கேஸ்கெட்டோ திருகுகளோதான், சீல் இல்லை. நிரப்பும் மூடியைச் சுற்றி என்றால் அதன் வாஷர். ஷாஃப்ட் வெளியே வரும் இடம் என்றால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கதை. பக்கத்தில் பிரேக் குழாய் போவதால் அந்தத் திரவமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஒரு சொட்டைக் கண்ணாடி டம்ளரில் இருக்கும் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், ஷாக் அப்சார்பர் எண்ணெய் மேலே வட்டமாக மிதக்கும்.

ஷாஃப்ட் பக்கம்தான் என்றால் கழற்றிக் கொண்டுபோய் நல்ல லேத்காரரிடம் கொடுங்கள். துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் (உள்வளையம்) இறக்கி, ஷாஃப்ட் அளவுக்கு ரீமரால் நுணுக்கமாகச் சீவ வேண்டும். ஷாஃப்ட் அரித்திருந்தால் ஹார்டு குரோம் ஏற்றி கிரைண்டு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புது ஷாஃப்ட். அதற்கெல்லாம் பிறகு கடைசியாகத்தான் சீல். லிவரை ஷாஃப்ட்டிலிருந்து கழற்றும் முன் இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள், இடம் மாறிப் போட்டால் கை ஒரு பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும். சுத்தியலால் அடித்துக் கழற்ற யாரையும் விடாதீர்கள், பிரஸ் வேண்டும்.

எண்ணெய்க்கு வருவோம். ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனி தன்னுடைய 624ஆம் எண் திரவத்தைச் சொல்லியிருந்தது, அது இல்லாவிட்டால் எஸ்.ஏ.இ. 20 தரத்து நல்ல மினரல் ஆயில் போதும். ஒழுகலைக் குறைக்கலாம் என்று 90ஆம் எண் கியர் ஆயில் ஊற்றுகிறவர்கள் உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கெட்டி எண்ணெய் வால்வு வழியாகப் போக முடியாமல் உள்ளே அழுத்தம் ஏறும், வண்டி கட்டை மாதிரி தூக்கிப் போடும், ஷாஃப்ட் துளை இன்னும் வேகமாகத் தேயும். விளிம்பு வரை நிரப்பிவிடவும் கூடாது. சூட்டில் எண்ணெய் விரிவடையும், அதற்கு மேலே கொஞ்சம் காற்று இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் புது சீல் வழியாகவே பிதுங்கி வரும், அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் சீல் சரியில்லை என்பார்கள். நிரப்பும் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகள் வால்வில் மாட்டினால் செய்த வேலை எல்லாம் வீண். வண்டியில் பூட்டும் முன் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கையை முழு தூரமும் பத்துப் பன்னிரண்டு தடவை அசைத்தால் உள்ளே மாட்டியிருக்கும் காற்று வெளியே வந்துவிடும். முதலில் சில அசைவுகள் வெற்றாகப் போகும், பிறகு தேன் பானைக்குள் கரண்டி விட்ட மாதிரி ஒரே சீரான எதிர்ப்பு வரும். அந்தச் சீர் வந்தால் பூட்டுங்கள்.

கேள்வி: பழைய ஷாக் அப்சார்பரில் விளக்கெண்ணெய் ஊற்றினால் ஒழுகாது என்று பெரியவர் ஒருவர் சொன்னார். சரியா?
— வாசகர், ராஜபாளையம்

பதில்: அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. விளக்கெண்ணெய் நல்ல கெட்டி, இயற்கை ரப்பரையும் கெடுக்காது. ஆரம்ப கால ஹைட்ராலிக் பிரேக்குகளில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத்தான் ஊற்றினார்கள். ஆனால் அது நாளாக ஆகக் காற்றுப் பட்டுப் பிசின் மாதிரி இறுகும். வால்வுத் துவாரங்கள் ஊசி முனை அளவு, அதில் பிசின் கட்டினால் வேலை முடிந்தது. ஒரு ஊர்வலத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் வர வேறு வழியே இல்லை என்றால் ஊற்றிக்கொள்ளுங்கள், வந்ததும் வடித்துக் கழுவிவிடுங்கள். பிரேக் ஆயில் ஊற்றலாமா என்று கேட்ட திருச்சி வாசகருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கூடாது. ரொம்ப நீர்த்தது, மினரல் ஆயிலுக்காகச் செய்த சீலுக்கு ஆகாது, வழிந்தால் பெயின்ட்டையும் உரிக்கும்.

கேள்வி: எண்ணெயே இல்லாத உராய்வு வகை ஷாக் அப்சார்பர் முதலிலேயே இருந்ததாகப் படித்தேன். அதில் ஒழுகல் தொல்லையே இல்லையே, ஏன் விட்டுவிட்டார்கள்? எண்ணெய் வகையில் ஒழுகலை எப்படித்தான் தீர்த்தார்கள்?
— பொறியியல் மாணவர், கோவை

பதில்: இந்த இதழின் நல்ல கேள்வி உங்களுடையதுதான் தம்பி. த்ருஃபோ-ஹார்ட்ஃபோர்டு வகையைச் சொல்கிறீர்கள். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை, நடுவில் தட்டுகளை அடுக்கி ஒரு போல்ட்டால் இறுக்கியிருக்கும். ஒழுக அதில் ஒன்றும் இல்லை. ஆனால் உராய்வின் குணம் தெரியும் அல்லவா? அசையத் தொடங்கும் வரைதான் பிடி அதிகம், அசைய ஆரம்பித்ததும் பிடி தளரும். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் வண்டி விறைப்பாகக் குலுங்கும், பெரிய பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் வேகமாகத் துள்ளும்போது பிடி போதாது. நமக்கு வேண்டியது நேர் எதிர்: மெல்ல அசைந்தால் மெல்லத் தடுக்க வேண்டும், வேகமாக அசைந்தால் பலமாகத் தடுக்க வேண்டும். துவாரம் வழியாகத் திரவத்தைத் தள்ளினால் அந்தக் குணம் தானாகவே வந்துவிடும். அதற்காகத்தான் ஒழுகல் தலைவலியைச் சகித்துக்கொண்டார்கள்.

தீர்த்தது எப்படி என்றால், இரண்டு பக்கமிருந்து வந்தது தீர்வு. ஒன்று சீல். ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரில் பிராய்டன்பர்க் என்று ஒரு தோல் பதனிடும் கம்பெனி. அவர்களுடைய பொறியாளர் வால்டர் சிம்மர், தோலை மோதிரமாக வெட்டி உலோகக் கூட்டுக்குள் பிடிக்க வைத்து ஷாஃப்ட் சீலாக ஆக்கினார். மெக்கானிக்குகள் பல நாடுகளில் அதை இன்றும் சிம்மர் ரிங் என்றுதான் சொல்கிறார்கள். 1930களின் நடுவில் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் வந்தது, தோலின் இடத்தை அது பிடித்தது. அதன் பிறகு கிளிசரினுக்கான கட்டாயமும் போனது, மினரல் ஆயிலைத் தைரியமாக ஊற்றலாம் என்றானது.

இன்னொரு பக்கம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. சீலை எவ்வளவு பலப்படுத்தினாலும் முழு அழுத்தத்தையும் அதன் மேல் விட்டால் தாங்காது. அதனால் அழுத்தமே சீல் வரை போகாதபடி செய்தார்கள். ஏரிக் கரையை மலை உயரத்துக்குக் கட்டிக்கொண்டே போகாமல் கலிங்கு வைத்து மிகுதி நீரை ஓட விடுகிறோமே, அதே யோசனை. 1930களில் அமெரிக்காவில் மன்ரோ, ஜெர்மனியில் போகே போன்றவர்கள் செய்த குழாய் வடிவ டெலஸ்கோப்பிக் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குழாய் உள்ளது. உள் குழாயில் பிஸ்டன் வேலை செய்யும், அங்கேதான் அழுத்தம் எல்லாம். பிஸ்டனோடு சேர்ந்த கம்பி, அதாவது ராடு, வெளியே வரும் இடத்தில் முதலில் அதை நேராகப் பிடிக்கும் ஒரு கைடு. அதையும் ராடையும் உரசிக்கொண்டு கொஞ்சம் எண்ணெய் மேலே ஏறத்தான் செய்யும், அதைத் தடுக்கவே முயலவில்லை. ஏறி வந்ததைக் கைடுக்கும் சீலுக்கும் நடுவிலேயே ஒரு சின்ன வழி பிடித்து வெளிக் குழாய்க்கு, அதாவது ரிசர்வாயருக்கு, இறக்கிவிடும். சீல் பார்ப்பது அழுத்தம் இல்லாத, வடிந்து போகிற எண்ணெயை மட்டும். பழைய ஷாக் அப்சார்பர் ஒன்றைக் கம்பெனி வொர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கி நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள், அந்த வடிகால் கண்ணில் படும். அறுக்கும் முன் அது கேஸ் நிரப்பாத வகைதானா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் நிரப்பியதை அறுப்பது ஆபத்து.

லிவர் வகையும் இதனால் உடனே ஒழிந்துவிடவில்லை. மைனர் 1971 வரையிலும், எம்.ஜி. பி கார் 1980 வரையிலும் முன்பக்கம் லிவர் வகையோடுதான் வெளிவந்தன.

கேள்வி: என் காரின் டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பரில் ராடைச் சுற்றி லேசாக எண்ணெய் பூசினாற்போல் இருக்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மாற்ற வேண்டுமா?
— வாசகர், வேலூர்

பதில்: மாற்ற வேண்டாம். சீலுக்கும் ராடுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சீல் காய்ந்து கருகிவிடும். அந்தப் படலம் கொஞ்சம் வெளியே வந்து மேல் பகுதியில் புழுதி ஒட்டுவது சாதாரணம். துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் பூசினாற்போல மட்டும் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். கோடு கோடாக வழிந்து கீழ் புஷ் வரை இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது அதே ஆக்ஸிலில் இருக்கும் ஜோடியையும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றும்போது ராடை பிளையரால் பிடிக்க யாரையும் விடாதீர்கள். அதில் விழும் ஒரு கீறல் போதும், ஒவ்வொரு அசைவுக்கும் அது சீலை அரம் மாதிரி தேய்த்துக்கொண்டே இருக்கும்.